யாரைப் பின்னே விட்டோம்?

நம் பாடசாலைச் சுவர்கள் பலவற்றிலே பதினேழு வண்ணக் கட்டங்களைக் கொண்ட படமொன்று தொங்கக் காண்கின்றோம். 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஐக்கிய நாடுகள் சபையிற் கூடிய 193 நாடுகள் ஒருமித்து ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் அவை. வறுமை ஒழிதல் முதலாவது. பசி ஒழிதல் இரண்டாவது. நலவாழ்வு, கல்வி, பெண்ணுக்குச் சமநிலை, தூய நீர், நேர்மையான தொழில், வனம், நீதி என அவை விரிந்து செல்லும். 2030ஆம் ஆண்டுக்குள் இவற்றை எய்துவதென்பது உலகம் தனக்குத்தானே செய்துகொண்ட உறுதி. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இதன்பொருட்டே இயற்றப்பட்டது.

சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இப்பதினேழையும் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தாள். ஆறாவது யாது என வினவினோம். "தூய நீரும் துப்புரவேற்பாடும்" என்று விடை உடனே வந்தது. "உங்கள் லயத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அம்மா?" என்று அடுத்து வினவினோம். அவள் தலை குனிந்தாள். மலைச்சரிவிலுள்ள ஊற்றொன்றிலிருந்து குழாய் வழியாக வருவதாகவும், மழை பெய்தால் நீர் கலங்குவதாகவும், கோடையிலே தாயார் விடியுமுன் குடத்துடன் இறங்க வேண்டியிருப்பதாகவும் மெல்லக் கூறினாள். பின், "அது சோதனைக்கு வராதே, ஐயா" என்றும் சொன்னாள்.

குற்றம் அவளுடையதன்று, அவ்வாறு கற்பித்த எம்முடையது. உலகத்தின் நீரைப் பற்றி எழுதினால் மதிப்பெண் உண்டு, தன் வீட்டு நீரைப் பற்றி எழுதினால் இல்லை என்ற நம்பிக்கையை அவள் உள்ளத்தில் விதைத்தவர் ஆசிரியரல்லாமல் வேறு யார்? இலக்குகள் மனனத்துக்குரிய பட்டியல் அல்ல. தன் ஊரைத் தானே அளந்தறிவதற்குக் கையில் தரப்பட்ட அளவுகோல் அவை. கோலை வணங்கிச் சுவரில் மாட்டிவிட்டு நிலத்தை அளவாதிருப்பவனை நாம் என்னென்று சொல்வோம்?

இப்பதினேழு இலக்குகளுக்கும் உயிர்நாடியாக ஒரு வாக்குறுதி உண்டு. "எவரையும் பின்னே விட்டுச் செல்லோம்" என்பது அது. இச்சொற்களை வேறெங்கு வாசித்தாலும் அவை சொற்களே. மாத்தளையில் நின்று வாசிப்போருக்கு அவை வரலாறாகும்.

தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூற்றைம்பது மைல் அளவு நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தனர். மலையகத்தின் வாயில் அக்காலத்தில் இவ்வூரே. நீரின்றியும் உணவின்றியும், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் பலர். நடக்கவியலாத நோயாளரை வழியோரத்தில் விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். விட்டவர் கொடியவர் அல்லர்; நின்றால் அவரும் மாள்வர் என்பதே அன்றைய நிலை. பின்னே விடப்படுதல் என்பது நமக்கு அணியன்று, நடந்த செய்தி. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளை வந்து சேர்ந்த நடைபயணம் அந்தப் பாதையையே மீண்டும் மிதித்தது.

காட்டைக் கடந்தபின்னும் விடுபடுதல் ஓயவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா சாத்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கியது. அந்தப் "பிறகு" வருவதற்குப் பத்தாண்டு சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் இக்கதை ஒருவாறு முடிந்தது. பதினாறாவது இலக்கின் ஒரு பிரிவு, மாந்தர் யாவருக்கும் சட்டபூர்வமான அடையாளம் வேண்டுமென்கிறது. அவ்வொரு வரிக்காக நாம் ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்தோம் என்பதை எம் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

"பழங்கதை பேசிப் பயன் யாது? இன்று வாக்குரிமை உண்டு, பாடசாலை உண்டு, பல்கலைக்கழகம் செல்வோரும் உளர்" என்பார் சிலர். உண்மை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்கவியலாது. இவ்வூர் மண்ணிலிருந்து நல்ல சிறுகதையாசிரியரும் கவிஞரும் நாடகாசிரியரும் தோன்றியதை இலக்கிய அன்பர் அறிவர். ஆயினும், முன்னேறியவர் சிலரைக் கண்டு முன்னேறாத பலரை மறத்தலும் ஒருவகைப் பின்னே விடுதலே.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானை முழுவதும் ஒரே தீயில் வெந்தாலன்றோ அது பொருந்தும்? அடியிலே கருகி மேலே அரிசியாக நிற்கும் பானையில் நடுச்சோற்றை நசுக்கிப் பார்த்து யாது பயன்? 2019ஆம் ஆண்டுக்கான குடித்தன வருமான செலவினக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதற்குமான வறுமை நூற்றுக்கு 14.3, நகரத்தில் 6, தோட்டப்புறத்தில் 33.8. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதார் நாட்டில் நூற்றுக்கு 17.3, தோட்டத்தில் 31.7. நூறு பிள்ளைகளுள் முப்பத்திரண்டு பிள்ளைகள் தேயிலைச் செடிக்குக் கீழே குறுகி நிற்கின்றனர் என்று இக்கணக்கைப் படிக்கும் கண்ணே சமூக விஞ்ஞானத்தின் கண்.

மாத்தளைக்கு வேறொரு இடரும் உண்டு. நுவரெலியாவில் தோட்ட மக்கள் பெருந்தொகையினர்; அங்கே அவர் குரல் தேர்தலிற் கேட்கும். இங்கோ ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் சிங்கள மக்கள். தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகு எனப் பலவகைத் தோட்டங்களிலே எம்மவர் சிதறி வாழ்கின்றனர். மாவட்டச் சராசரியில் அவர் கரைந்துவிடுகின்றனர். மலையகச் சராசரியிலும் ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகின்றனர். கணக்கிற் காணாதவன் திட்டத்திலும் காணான்.

இனி, இலக்குகள் பதினேழாயினும் நோய் ஒன்றே என்பதையும் மாணவர் உணர்தல் வேண்டும். லயத்து அறையில் வாழும் குடும்பத்துக்குத் தலைமுறை பல கழிந்தும் அந்நிலம் சொந்தமன்று. உறுதி இல்லாமையால் ஈடுவைத்துக் கடன் பெற இயலாது. கடனில்லாமையால் கூரையைச் செப்பனிட இயலாது. தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கழிந்தபின் கைக்கெட்டிய கதைகள் தோட்டந்தோறும் உண்டு. நிலம் முதலாவது இலக்குக்குரியது; கல்வி நான்காவது; தொழில் எட்டாவது; வீடு பதினோராவது. புத்தகத்தில் இவை நான்கு கட்டங்கள். லயத்தில் இவை ஒரே முடிச்சு. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று மேடைதோறும் கேட்கும் காணிப் பேச்சின் பொருள் இதுவே. அது கொடையன்று, முடிச்சை அவிழ்க்கும் நுனி.

சட்டமே தடையாக நின்றமைக்கும் சான்று உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புக்களின் பாதைக்கும் நீருக்கும் சபை தன் நிதியைச் செலவிட இடந்தரவில்லை. வாக்களிக்கலாம், வாக்குப் பெற்றவர் அவர் வாசலுக்குக் கல் பரப்பக் கூடாது! 2018ஆம் ஆண்டிலேதான் அது திருத்தப்பட்டது. திருத்தம் தாளிலிருந்து தோட்டத்துக்கு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று பார்ப்பது யார் கடமை?

இலக்குகள் ஒன்றோடொன்று மோதுமிடமும் நம் கண்முன்னே உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டிற் பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. 2010ஆம் ஆண்டில், மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. வனத்தினுள் நிழலிலே ஏலம் பயிரிடுதல் கீழ்ச்செடிகளை அழித்து வனத்தின் மறுபிறப்பைக் கெடுக்கும் என்பதனால் அது தடுக்கப்பட்டது. வனத்தைக் காத்தல் நன்றே. சுது கங்கையும் அதன் வழியே மகாவலியும் இம்மலைகளின் நீரால் வாழ்கின்றன. ஆயினும் ஏலம் பறித்துக் கூலி பெற்றவரின் அடுப்பு யாது செய்யும் என்ற வினாவையும் உடன் கேட்டல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கேட்பவனே இலக்குகளைக் கற்றவன். ஒன்றை மட்டும் கேட்பவன் படத்தின் ஒரு கட்டத்தை மட்டும் கண்டவன்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மாத்தளை மலைகளும் சரிந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காலநிலை மாற்றம் பதின்மூன்றாவது இலக்கு. செங்குத்தான சரிவிலே கட்டிய லயத்தில் வாழ்வோன், "பாதுகாப்பான இடத்துக்குச் செல்" என்னும் அறிவித்தலைக் கேட்டு எங்கே செல்வான்? செல்வதற்கு அவனுக்கென ஓர் அடி நிலம் வேண்டுமே! பதின்மூன்றாவது இலக்கு இங்ஙனம் மீண்டும் முதலாவதன் வாயிலில் வந்து நிற்கின்றது.

தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்கு இதில் யாது வேலை என்று வினவலாம். வள்ளுவர் நாட்டுக்கு ஓர் அதிகாரமே வகுத்து, பசியும் பிணியும் பகையும் இல்லாமையை நாட்டின் இலக்கணமாகக் கூறினார். அவ்வதிகாரத்துக்குப் பதவுரை சொல்லும் வாய், மாணவியின் வீட்டுக் குடத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் முறையோ?

ஆகவே மாத்தளை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எம் விண்ணப்பம் ஒன்று. இவ்வாண்டுச் செயற்றிட்டத்துக்கு உலகப் படத்தை வெட்டி ஒட்டாதீர்கள். ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு ஐந்து வினாக்களுக்கு விடை காணுங்கள். குடிநீர் எங்கிருந்து, எத்தனை மாதம் வருகின்றது? வைத்தியசாலைக்கு நடைதூரம் எவ்வளவு? தன் பெயரில் கடிதம் பெறக்கூடிய வீடுகள் எத்தனை? சாதாரண தரத்துக்கு முன் பள்ளி நீங்கிய பெண்பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் நீங்கினர்? மழைக்காலத்தில் அஞ்சி உறங்காத லயங்கள் எவை? வீட்டாரின் இசைவு பெற்று எழுதுங்கள். எவர் பெயரையும் எழுதாதீர்கள். இரக்கம் தேடும் நடையில் எழுதாது அளவை மட்டும் எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் இரு படி செய்து ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும் ஒன்றைப் பிரதேச சபைக்கும் அனுப்புங்கள். அடுத்த கிராமத்துச் சிங்களப் பாடசாலையையும் உடன் அழையுங்கள். காட்டோரக் கிராமத்து ஏழையின் தாகமும் அதே தாகமே. இரு கணக்குகளும் ஒரே மேசையில் வைக்கப்படும்போது எவரும் அதனை இனவாதம் என்று ஒதுக்கவியலாது.

இதனால் மறுநாளே குழாயில் நீர் வருமோ? வராது. ஆயினும் கணக்கு ஒருமுறை எழுதப்பட்டால் அதைக் கேட்க ஆள் வருவான். அடுத்த ஆண்டு அதே வினாவைக் கேட்கும் மாணவன் ஏன் மாறவில்லை என்று கேட்பான். வழியோரத்தில் மாண்ட முன்னோரை எண்ணி எழுதியவர் அன்று இல்லை. ஆதலால் அவர் எத்தனை பேர் என்பதும் இன்றுவரை மதிப்பீடாகவே நிற்கின்றது. அப்பிழை இரண்டாம் முறை நேராதிருத்தல் நம் கையில் உள்ளது.

2030ஆம் ஆண்டு நெடுந்தொலைவில் இல்லை. அந்த மாணவியிடம் அடுத்த முறை யாம் பதினேழையும் கேட்கப் போவதில்லை. ஆறாவதை மட்டும் கேட்போம். அவள் தன் ஊற்றைப் பற்றி எழுதிக் கொணர்வாளாயின் முழு மதிப்பெண்ணும் வழங்குவோம்.