எடைக்குப் போட்ட வீடியோ கேம்



நாற்பது வயது தாண்டிய என் மகன் பழைய வீடியோ கேம் பெட்டிகளைத் தேடித் தேடி வாங்குகிறான். "கடையைக் கவனிக்காமல் இது என்ன விளையாட்டு?" என்று நானும் சத்தம் போட்டவன்தான்.

ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் ஒரு பெட்டி கொண்டு வந்தது. அதைப் பார்த்துச் செய்த நகல்களே 1990-களில் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்தன. கேசட்டைச் செருகினால் மரியோ, காண்ட்ரா ஓடும். குற்றாலம் சீசனில் ஆசையாக வாங்கிக் கொடுத்ததும் நான். மார்க் குறைந்ததென்று எடைக்குப் போட்டதும் நானே. அதே மாதிரி ஒன்றைத்தான் இப்போது காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்!

வாத்து சுடும் ஆட்டத்துக்குப் பழைய பிக்சர் டியூப் டிவி இருந்தால்தான் அந்தத் துப்பாக்கி குறி பார்க்குமாம். இன்றைய தட்டை டிவியில் சுட்டால் ஒரு வாத்தும் விழாது. கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவோமே, அதுவும் தப்பு. எச்சில் ஈரத்தில் தகடு கறுத்துவிடும்.

நம் கடைப் பரண்களில் விற்காத சரக்கு எத்தனையோ கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு ஒழிக்கும்போது, இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடும் முன் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேளுங்கள். விலை போகிறதென்று நகலை ஒரிஜினல் என்று சொல்லி விற்பது மட்டும் வேண்டாம். தராசு பிடிக்கும் கைக்கு அது அழகல்ல.

கல்லா எண்ணி முடித்த பிறகே ஆட்டம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சரி என்றான். ஆனால் கூட ஆட ஆளில்லை என்று என்னையே கூப்பிடுகிறான்.