வாசிக்கப்படாத விதிகளும் வாசிக்காத உறுப்பினரும்

நமது சங்கங்களிலும் ஒன்றியங்களிலும் ஆண்டுதோறும் ஒலிக்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. உறுப்பினர் யாப்பை வாசிப்பதில்லை. பிரேரணை எது, திருத்தம் எது என்று அறியாமலே பேச எழுகின்றனர். கூட்டத்தின் நேரம் வீணாகின்றது என்பதே அம்முறைப்பாடு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இது பாதி உண்மையே. வாசியாதவனைக் கடிந்துகொள்ளும் நாம், வாசிக்கத்தக்கவாறு அவ்விதிகள் எழுதப்பட்டனவா என்று கேட்பதில்லை. குற்றத்தின் பெரும்பங்கு விதிகளை ஆக்கியோரையும் காத்துவருவோரையுமே சாரும் என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

விதிகள் வேண்டா என்பது எமது கருத்தன்று. விதியற்ற அவையில் உரத்த குரலுடையவனே ஆட்சி செய்வான். மெல்லிய குரலினருக்கும், முதன்முறையாகப் பேச எழுவோருக்கும், சிறுபான்மைக் கருத்தினருக்கும் விதியே காவல். திருக்குறள் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்துள்ள முறை ஈண்டு நோக்கற்பாலது. அவையை அறிந்தபின்னரே அதற்கு அஞ்சாதிருத்தல் கூடும். ஆகவே, பேசுமுன் விதியை அறிக என்ற கோரிக்கை நியாயமானது. அதனை நிறைவேற்ற நாம் கைக்கொள்ளும் வழியே நியாயமற்றது.

மக்கள் வாசிப்பதில்லை என்ற தீர்ப்பை நமது நாட்டுத் தேர்தல்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். 2019 நவம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்களின் பெயர்களைக் கொண்ட மிக நீண்ட வாக்குச்சீட்டு வழங்கப்பட்டது. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 1,35,452. அதாவது நூற்றுக்கு ஒன்று அளவு. ஒன்பது மாதங்கள் கூடக் கழியுமுன், 2020 ஓகஸ்டில் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 7,44,373. நூற்றுக்கு ஆறு அளவு. 2024இலும் இதே நிலைதான். செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தலில் 3,00,300 வாக்குகளும், இரு மாதங்களுக்குள் நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் 6,67,240 வாக்குகளும் நிராகரிக்கப்பட்டன.

இவ்விரு மாத காலத்தில் மக்கள் எழுத்தறிவை இழந்துவிட்டனரா? வேண்டுமென்றே வாக்கைப் பழுதாக்குவோர் உளர் என்பது மெய்யே. ஆனால் அத்தகையோர் இருவகைத் தேர்தலிலும் இருப்பர். வேறுபாடு எங்கே உள்ளது? சனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு எதிரே ஒரு புள்ளடி இட்டாலே போதும். பாராளுமன்றத் தேர்தலிலோ முதலிற் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி இட்டு, பின்னர் மூன்றுக்கு மேற்படாத விருப்பு இலக்கங்களுக்கும் புள்ளடி இடலாம். முன்னதை விடுத்துப் பின்னதை மட்டும் செய்தவனின் வாக்குச் செல்லாது. மக்கள் அவர்களே, வாசிக்கும் ஆற்றலும் அதுவே, மாறியது விதியின் சிக்கலே. இந்த எண்ணிக்கைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும், வாக்காளரின் அசட்டையே முழுக்காரணம் என்ற வாதம் இதன்முன் நிற்காது.

கூட்ட நடைமுறை நூல்களின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஹென்றி மார்ட்டின் றொபேட் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் 1863இல் நியூ பெட்போர்ட் நகரில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க நேர்ந்தது. முறை அறியாது திணறிய அவர், அதனைக் கற்கத் துணிந்தார். அதன் பயனாக 1876இல் வெளிவந்த அவரது விதிநூல் 200 பக்கங்களுக்கும் குறைவானது. காலப்போக்கில் அந்நூல் பல நூறு பக்கங்களாகப் பருத்தது. ஈற்றில், அதனைப் பேணிவருவோரே 2004இல் அதன் சாரத்தைச் சிறு கைந்நூலாக வெளியிட வேண்டியதாயிற்று. புதிய உறுப்பினன் கையிற் பெருநூலைத் திணிப்பது அறிவூட்டல் ஆகாது என்பதை விதிநூலாரே ஒப்புக்கொண்டனர் எனலாம்.

நம் மரபிலும் சான்று உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சபையார், வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையாற் தேரும் விதிகளை 919இலும் 921இலும் கல்லிற் பொறித்தனர். அச்சபை நிலவுடைமைப் பிராமணரின் சபை. பெண்களுக்கோ உழைக்கும் மக்களுக்கோ அங்கு இடமில்லை. அதனைச் சனநாயகத்தின் பொற்காலம் எனப் புகழ்வது வரலாற்றுக்கு முரணாகும். எனினும் அங்கே கற்கத்தக்கவை இரண்டு. ஒன்று, விதிகள் எவருடைய பெட்டகத்திலும் பூட்டி வைக்கப்படவில்லை. ஊரின் நடுவே சுவரில் நின்றன. மற்றது, முதல் ஏற்பாடு செய்து இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்தி மீண்டும் பொறித்தனர். பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் கல்லிற் செய்ய முடிந்த திருத்தத்தைத் தாளிற் செய்ய நமக்குத் தயக்கம் ஏன்?

காரணம் வெளிப்படை. எவரும் வாசியாத விதி, அதனை வாசித்திருக்கும் சிலரின் கையில் ஆயுதமாகின்றது. வேண்டாதவர் பேச எழும்போது பிரிவிலக்கம் கூறி இருத்திவிடலாம். வேண்டியவர் மீறும்போது கண்டும் காணாதிருக்கலாம். புதுமுக மாணவனிடம், "வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்ற வாசகத்தின் கீழ் ஒப்பம் பெறுவதும் இத்தகையதே. அவ்வொப்பம் அவனது அறிவுக்குச் சான்றன்று. நாளை அவனைத் தண்டிப்பதற்கான முற்பணம்.

இதன் கொடிய விளைவைப் பகிடிவதையிற் காணலாம். கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் 1998இல் நிறைவேற்றப்பட்டது. அதனை வாசித்த முதலாம் வருட மாணவர் எத்தனை பேர்? ஆனால் எந்த உடை, எந்தப் பாதை, யாரை எவ்வாறு விளித்தல் என்ற எழுதா விதிகளை முதல் வாரத்திலேயே அனைவரும் மனப்பாடம் செய்கின்றனர். மாணவன் விதி கற்க மாட்டாதவன் அல்லன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. அவனைக் காக்கும் விதி அச்சில் உறங்குகின்றது. அவனை ஒடுக்கும் விதி வாயாற் போதிக்கப்படுகின்றது. முன்னதைப் போதிப்பார் இல்லாமையே பின்னதற்குப் பலம்.

பல்கலைக்கழக மாணவன் குழந்தையல்லன், தானே தேடி வாசிக்கட்டும் என்பர் சிலர். தேடி வாசிப்பது அவன் கடமையே, மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழில் விரிவுரை கேட்கும் மாணவனிடம் ஆங்கிலச் சட்டநடையில் அமைந்த துணைவிதிகளைக் கொடுத்துவிட்டுக் கடமையைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் பொருந்தும்? தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் விதித்தது. அதனை அரசிடம் கோரும் நாம், நமது சங்கத்தின் யாப்பைத் தெளிந்த தமிழில் எழுதாதிருப்பது முரண்பாடாகும்.

ஆகவே செய்யத்தக்கவை சில. பேச எழுவோன் அறியவேண்டிய விதிகளை ஒரே பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தோடு எழுதுதல் வேண்டும். காரணம் அறிந்த விதியே மனதில் நிற்கும். அப்பக்கத்தை ஆண்டின் முதற்கூட்டத்தில் வாய்விட்டு வாசித்து, ஐயங்களுக்கு மூத்தோர் விடை கூறுதல் வேண்டும். முதன்முறை தவறுவோனை எள்ளாது, உரிய பிரிவைச் சுட்டிக்காட்டித் தொடர்ந்து பேசவிடல் வேண்டும். பலரும் மீண்டும் மீண்டும் மீறும் விதி எதுவோ, அதனையே முதலிற் பரிசீலித்தல் வேண்டும். பிழை ஆளிடமன்றி விதியிடமே இருத்தலுங்கூடும்.

இவற்றைச் செய்தபின்னும் வாசியாது எழுந்து கூச்சலிடுவோன் இருப்பின், அவனைக் கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டு. அதுவரை அவ்வுரிமை நமக்கில்லை.