அட்டையில் ஒரு புள்ளி வையுங்கள், டாக்டர்

குழந்தை டாக்டரிடம் போனால் முதல் வேலை எடை பார்ப்பது. நர்ஸ் பிள்ளையை மெஷினில் ஏற்றி, சீட்டின் மூலையில் பதினொன்றரை கிலோ என்று எழுதுகிறார். அதோடு சரி. போன தடவை எவ்வளவு, உயரம் ஏறியிருக்கிறதா, ஒரு பேச்சில்லை. தடுப்பூசி அட்டையில் வளர்ச்சிக் கோடு போடவென்றே கட்டம் கட்டமாக ஒரு பக்கம் இருக்கிறது. எத்தனை பிள்ளைகளுக்கு அது வெறும் பக்கமாகவே கிடக்கிறது! அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கிறார்களே, இங்கே ஒரு புள்ளி வைக்கக்கூடவா நேரமில்லை?

"சாப்பிடவே மாட்டேங்கிறான் டாக்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் பசி எடுக்க ஒரு சிரப் எழுதியாகிவிடும். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின். அது அலர்ஜி மருந்து. பிள்ளை தூங்கி வழியும். நாளைக்கு எத்தனை டம்ளர் பால், செல்போன் காட்டித்தான் ஊட்டுகிறீர்களா, பிஸ்கட் எப்போது என்று ஒருவர் கேட்டால் என்ன? அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமேது? பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

ஒரு வயதில் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு ஆகிற பிள்ளை, இரண்டு வயதுக்குமேல் வருஷத்துக்கு இரண்டு கிலோ ஏறினாலே போதும். பசியும் அதற்குத் தக்கபடி குறையும். இந்த ஒரு வார்த்தையை டாக்டர் சொல்லியிருந்தால், "புள்ள இளைச்சுப்போச்சு" என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டு ஒரு தாய் அழுதுகொண்டே வாயில் திணிக்க மாட்டாள்.

குண்டான பிள்ளை என்றால் ஒரு பேச்சும் கிடையாது. ஒன்பது வயதில் கழுத்தைச் சுற்றிக் கறுத்திருக்கும். அழுக்கென்று அம்மா சோப்பு போட்டுத் தேய்க்கிறாள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். டாக்டர் கண்ணில் படாமலா இருக்கும்? காய்ச்சலுக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

சாயங்காலக் கூட்டம் எங்களுக்கும் தெரியும். அப்படியானால் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒருவரை வெளியே உட்கார வையுங்கள். பத்து நிமிஷம் போதும். அதற்குத் தனி ஃபீஸ் கேளுங்கள், கொடுக்கிறோம்.