சூரியன் உதிக்காத ஊரில் லுஹர் எப்போது?



தாழ்வுபாட்டுக் கரைக்கு மீன் வாங்கப் போன இடத்தில் அயல் வீட்டு ராத்தா என்னைக் கண்டதும் கண் கலங்கினார். அவருடைய மகன் நோர்வேயில் படிக்கிறார். டிசம்பர் விடுமுறையில் கூட்டாளிகள் நால்வருடன் வடதுருவ வட்டத்துக்குள் உள்ள துரொம்சோ நகருக்குப் போகப் போகிறாராம். வாப்பா சம்மதித்துவிட்டார். உம்மாவின் மனம்தான் ஒப்பவில்லை.

"அங்கே சூரியனே உதிக்காதாம் தங்கச்சி. பிள்ளை சுபஹை எப்போ தொழும், லுஹரை எப்போ தொழும்? கூட்டாளிமாரோட சேர்ந்து விட்டிட்டா?"

ராத்தாவின் பயம் வீண் பயமல்ல. நமது மன்னாரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். துரொம்சோவிலோ நவம்பர் கடைசி தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலில் சில மணித்தியாலம் நீல நிற வெளிச்சம் பரவும், அவ்வளவுதான்.

இதற்கும் மார்க்கத்தில் வழியுண்டு. தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம் போல நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அந்நாளில் ஒரு நாள் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்பதே பதிலாக இருந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸைக் கொண்டே, சூரியனின் அடையாளம் தெரியாத ஊர்களில் நேரத்தைக் கணித்துத் தொழ வேண்டும் என்று உலமாக்கள் கூறுகிறார்கள். துரொம்சோவில் பள்ளிவாசலும் உண்டு. புறப்படும் முன்பே அங்குள்ளவர்களிடம் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயணிக்கு அல்லாஹ் சலுகையும் தந்திருக்கிறான். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். உளூவுடன் அணிந்த தோல் காலுறையைக் கழற்றாமல், பயணி மூன்று நாள் மஸ்ஹு செய்யலாம். உறைபனியில் இது எவ்வளவு பெரிய ரஹ்மத்! நிபந்தனைகளை மட்டும் ஓர் ஆலிமிடம் கேட்டறிவது நல்லது.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்போடு ஒட்டிப் பருத்தி உடை போட வேண்டாம்; வியர்வையில் நனைந்தால் அது உடம்பைக் குளிரச் செய்துவிடும். உள்ளே கம்பளி, நடுவே தடித்த கம்பளிச் சட்டை, மேலே காற்றுப் புகாத அங்கி என மூன்று அடுக்கு வேண்டும். இரவில் வானத்து ஒளியைப் பார்க்கப் போனால் தனியே போகக் கூடாது.

அந்த வடக்கு நம்மவர்களுக்குப் புதியதுமல்ல. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர் பலர், துரொம்சோவுக்கும் வடக்கே பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில்தான் வேலை செய்தார்கள். குளிரையும் இருட்டையும் தாங்கி அங்கே குடும்பம் வளர்த்தார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது ராத்தா சிறிது நேரம் பேசவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் பத்து வயதுச் சிறுமி. உடுத்த துணியோடு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனவர். "அன்றைக்கு உம்மாவுக்கு ஒரு பை கட்டவும் நேரமில்லை" என்றார்.

அன்று அவருடைய உம்மாவுக்குக் கிடைக்காத அவகாசம் இன்று இவருக்கு இருக்கிறது. சகோதரிகளே, பிள்ளை போகக் கேட்டால் உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். நேர அட்டவணை இருக்கிறதா, காலுறை இருக்கிறதா, கூட்டாளிகள் யார் என்று கேளுங்கள். உம்மா இப்படிக் கேட்டால் பிள்ளையும் மறைக்காமல் சொல்லும்.

அன்றிரவே ராத்தா மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். முதலில் கேட்டது காலுறையைப் பற்றித்தானாம். பயணம் நலமாக முடிய துஆச் செய்வோம்.