லாம் வந்தாங்க

போன மாதம் வானொலியில் ஒரு தப்பு செய்தேன். செய்தபோது தப்பென்று தோன்றவில்லை. நேரம் மிச்சமாகிறதே என்றுதான் இருந்தது.

எங்கள் இரவு நிகழ்ச்சியில் வாரம் ஒரு புத்தகத்தின் கதையைப் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்வேன். அன்று எடுத்தது ‘ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர்’. ஏ.ஆர். கபெட்டா, கோரி மெக்கார்த்தி என்ற இரண்டு அமெரிக்க எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதி 2019இல் வெளிவந்த நாவல். கல்லில் செருகிய வாளை உருவி அரசனான ஆர்தரின் கதை, கார்ட்டூன் வழியாகவாவது நம்மில் பலருக்குத் தெரியும். அதை அப்படியே தூக்கி விண்வெளியில் வைத்திருக்கிறார்கள். ஆர்தர் திரும்பத் திரும்பப் பிறக்கிறார். முதல் 41 பிறவியும் ஆண்கள். 42ஆவது, ஆரி என்ற பெண். அவள் பிறந்த கிரகத்தை மெர்சர் என்ற நிறுவனம் வெளியே யாரும் வர முடியாமல் அடைத்துவிட்டது. கடை நடத்துவதும் மெர்சர்தான், ஆட்சி நடத்துவதும் மெர்சர்தான். மந்திரவாதி மெர்லினுக்கு வயது பின்னோக்கிப் போகிறது. தாடியெல்லாம் போய் இப்போது முகப்பரு வயதில் நிற்கிறார், பாவம்.

ஆரியின் நண்பர் கூட்டத்தில் லாம் என்று ஒருவர். ஆணென்றும் சொல்லிக்கொள்வதில்லை, பெண்ணென்றும் சொல்லிக்கொள்வதில்லை. ஆங்கில நாவல் ‘தே’ என்று எழுதிவிட்டுப் போகிறது. நான் மைக்கின் முன்னால் ஒரு விநாடி தயங்கி, “லாம் வந்தான்” என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் பன்னிரண்டு நிமிடமும் வந்தான், போனான், சிரித்தான்.

மறுநாள் காலை எம்.ஆர்.டி.யில் வந்துகொண்டிருந்தபோது ஒரு குரல் பதிவு வந்தது. பள்ளிக்கூடக் குரல். “அக்கா, கதை நல்லா இருந்துச்சு. அந்தப் புக்கை நான் மூணு தடவை படிச்சிருக்கேன், லாமுக்காகத்தான். நீங்க ஆம்பளையாக்கிட்டீங்களே.” அவ்வளவுதான். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அடுத்த வாரம் அதே கதையை மறுபடி சொல்வதென்று முடிவு செய்தேன். ஆனால் எப்படிச் சொல்வது? எழுத்தில் ‘அவர்’ இருக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்றால் காதுக்குள் ஒரு மீசை முளைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ‘அவங்க வந்தாங்க’. கவனித்துப் பார்த்தால் ஆங்கிலத்தின் ‘தே’ போலவே பன்மையை ஒருவருக்குக் கொடுக்கும் சொல் அது. நாம் அதை அத்தைக்கும் டீச்சருக்கும் தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சிக்கல் என்னவென்றால், ஆரி வந்தா, அவள் அண்ணன் கே வந்தான், லாம் மட்டும் வந்தாங்க என்றால், லாம் ஏதோ வயதில் மூத்தவர், மற்ற இரண்டு பேரும் எழுந்து நிற்க வேண்டும் போல ஒலிக்கிறது. அதனால் எல்லாருக்கும் ‘ஆங்க’ கொடுத்தேன். வில்லனுக்குமா என்று கேட்டார் தயாரிப்பாளர். வில்லனுக்கும்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் அழைத்தார், எங்கள் நெடுநாள் நேயர். “ஏம்மா, நூற்றாண்டு நூற்றாண்டாக வந்த கதை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஆளை மாற்றுவதா?” நியாயமான கேள்வி. அதற்காகத் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் ஸைலன்ஸின் கதை.

13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் எழுதிய நீண்ட செய்யுள் கதை. பெண்களுக்குச் சொத்துரிமை கிடையாது என்று அரசன் சட்டம் போட்டுவிடுகிறான். ஒரு தம்பதிக்குப் பெண் பிறக்கிறது. ஆண் என்று ஊருக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். லத்தீனில் பெயர் ஸிலென்ஷியுஸ். குட்டு வெளிப்பட்டால் கடைசி ‘உஸ்’ஸை எடுத்து ‘ஆ’ போட்டால் ஸிலென்ஷியா, பெண் பெயர். அப்பாவின் முன்யோசனையைப் பாருங்கள். எனக்கு வந்தானா வந்தாளா. அவருக்கு உஸ்ஸா ஆவா. பிள்ளை வளர்ந்து நாட்டிலேயே சிறந்த வீரராகி, யாராலும் பிடிக்க முடியாத மெர்லினையே பிடித்து வருகிறது. ஆம், அதே ஆர்தர் கதை மெர்லின். பெண்ணால் மட்டுமே அவரைப் பிடிக்க முடியும் என்பது வாக்கு. அதனால் உண்மையும் அம்பலமாகிவிடுகிறது. கதை சொல்லும் கவிஞரும் ஸைலன்ஸை ஓரிடத்தில் அவன் என்கிறார், ஓரிடத்தில் அவள் என்கிறார். முடிவில் ஸைலன்ஸுக்குப் பெண் உடை உடுத்தி அரசனுக்கே கட்டிவைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தக் கையெழுத்துப் பிரதி 1911இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், வோலட்டன் ஹால் மாளிகையில் கிடைத்தது. ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் மேல், பழைய காகிதங்கள், மதிப்பில்லாதவை என்று எழுதியிருந்ததாம்.

பெரியவரைத் திரும்ப அழைத்து இதையெல்லாம் சொன்னேன். லான்ஸ்லாட்டே 12ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக் கவிஞர் கொண்டுவந்து சேர்த்த ஆள்தான் என்பதையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். சமாதானமானாரா என்று தெரியவில்லை. போனை வைக்கப் போனவர், “அந்த லாம் கடைசியில என்ன ஆனாங்க? நீ நேரமாச்சுன்னு சொல்லாமலே முடிச்சிட்டியே” என்றார்.