சிகிச்சை இலவசம், கூடப் போகிறவருக்கு?

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பேருந்து, அங்கிருந்து புறநகர் ரயிலில் வடசென்னை, பிறகு ஸ்டான்லி மருத்துவமனையின் புறநோயாளி வரிசை. ஏரிக்கரைக் குப்பத்து ஆளிடம் ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்றால் அதற்கு அர்த்தம் இந்தப் பயணம்தான். அங்கே டாக்டருக்குக் கட்டணம் கிடையாது. ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் ஒருமுறை போய்வந்தால் இரண்டு பேரின் அன்றைய வரும்படி போய்விடும்.

கூடப் போக உறவு இருப்பவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். சென்னை நடைபாதையிலோ, செங்கல் சூளையிலோ, அரிசி ஆலையிலோ காலம் தள்ளிவிட்டு இப்போதுதான் ஏரிக்கரையில் ஒரு கூரைக்கு அடியில் வந்து சேர்ந்தவர் என்ன செய்வார்? சொந்தபந்தத்தோடு தொடர்பு அறுந்து வருடங்கள் ஆகியிருக்கும். கூட வேலை செய்யும் கூட்டாளி ஒருவர்தான் கிளம்புகிறார். படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் ‘அண்ணன்’ என்று எழுதிவிட்டு ராத்திரி வராந்தாவில் படுத்துக்கொள்கிறார்.

குப்பங்களில் ஒருவருக்கொருவர் உதவுவது இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறையில் பங்கிட்டுக்கொள்கின்றன. சண்டையைத் தவிர்க்க அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த அரசுத் துறையும் தந்துவிடவில்லை. ஆனால், அந்தப் பங்கு ஊரின் தலைக்கட்டுக்கு உரியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், பிழைக்க வந்து ஒண்டியவருக்கும் அந்தக் கணக்கில் பேர் இல்லை. நோய் வந்தால் ஊர்ப்பணத்தைக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

அரசின் கணக்கிலும் அதே கதைதான். 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அட்டை வாங்கக் குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்ற சான்றும் வேண்டும். இரண்டுக்கும் முகவரி வேண்டும். ஒன்றிய அரசின் 2018ஆம் ஆண்டுத் திட்டமோ வீடற்றோர், பிச்சையெடுத்து வாழ்வோர், கையால் மலம் அள்ளுவோர், தொன்மைப் பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோரைத் தானாகவே சேர்த்துக்கொள்ளச் சொன்னது. ஏரிக்கரை இருளர்களில் சிலர் இந்த ஐந்தில் இரண்டு மூன்றுக்குள் வருவார்கள். ஆனால், பட்டியல் 2011 கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. நடைபாதையில் படுத்திருந்தவரை அன்று யார் தேடிப்போய் எண்ணினார்கள்?

ஆகவே, கூட்டாளிக்கு உதவ நினைப்பவர் நோய் முற்றுவதற்கு முன்பே ஒரு நாளைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் செலவழித்துவிடுவது நல்லது. பிறகு கையில் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரத்தைவிட அது அதிகம் பயன்படும். வாட்ஸ்ஆப்பில் அவர் படத்தைப் போட்டுப் பணம் திரட்டுவது எனக்கு உவப்பில்லை. தூங்குவதும் குளிப்பதும்கூட ஊர் பார்க்க நடந்த காலத்தைத் தாண்டி வந்தவர். நோயையாவது அவர் மறைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அட்டை கிடைத்த பிறகும் செலவு தீராது. டயாலிசிஸ் காப்பீட்டில் உண்டு. ஆனால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்வர வேண்டும். அதுவும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில். பாடு முறை உள்ள ஊரில் கூட்டாளிக்குத் தன் முறை வரும் நாள் அபூர்வம். அந்த நாளும் மருத்துவமனை நாளும் ஒன்றாக வந்தால் எதை விடுவார்? முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரியில் மீன் குறைந்த மாதங்களிலும், கடலில் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் பேருந்துக் கட்டணமே கடன்தான்.

சிகிச்சைக்கு வெளியே உள்ள செலவும் மருத்துவச் செலவுதான் என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் ஒதுக்குவதும், காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்றிருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியதும் வேறென்ன? நீண்டகால நோய்களுக்கும் டயாலிசிஸுக்கும் துணைக்கு வருபவருக்கு நாள்படி தருவது இதன் அடுத்த படி. அவர் ரத்த உறவாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கூடாது. முகாம்வாழ் இலங்கைத் தமிழருக்குக் காப்பீட்டில் வருமான உச்சவரம்பு கிடையாது. வீடற்றிருந்தவருக்கும் அத்தகைய விலக்கு ஒன்றை ஆணையில் எழுதிவிடலாம்.

இன்னொன்று, ஆறும் வரை தங்க இடம். தையல் காயத்தோடு ஏரிக்கரைக் குடிசைக்குத் திரும்பி, நான்காம் நாளே உப்புத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் 1985இல் தொடங்கிய வீடற்றோர் மருத்துவ அமைப்பு இதற்கெனத் தனிப் படுக்கைகளையே வைத்திருக்கிறது. சென்னையில் சில அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுடன் வருபவர்கள் தங்க மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. பொன்னேரி அரசு மருத்துவமனையை ஒட்டி, நோயாளியும் கூட்டாளியும் தங்கப் பத்துப் படுக்கைகளோடு ஒன்றைத் தொடங்க, புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் போதும்.

– கட்டுரையாளர், மருத்துவச் சமூகப் பணியாளர்.