உனக்கென்ன மறைக்க இருக்கிறது?

(நீண்ட பதிவு. நேரமும் பொறுமையும் உள்ளோர் படிக்க.)

சென்ற வாரம் சியால்தா ரயில் நிலையத்தின் வாயிலில் காரப்பொரி வாங்கினேன். கொல்கத்தாவில் அதனை ஜால்முரி என்பர். பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் கொட்டித் தருவர். பொரி தீர்ந்தபின் தாளை விரித்துப் பார்த்தேன். கைப்பேசி இணைப்பு கேட்டு யாரோ ஒரு பெண் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் அது. பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், வீட்டு முகவரி, மாற்று எண், அடியில் கையொப்பம். நிழற்படம் இருந்த இடத்தில் மட்டும் கடுகெண்ணெய் ஊறிப் போயிருந்தது.

மறுநாள் துறையில் இதனைச் சொன்னேன். என்னிலும் மூத்த ஆய்வாளர் ஒருவர், நாங்கள் தாதா என்று அழைப்பவர், சிரித்தார். "லுகோபார் கீ ஆச்சே?" என்றார். அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது அம்மாவிடம் சொன்னேன். "அதுல ஒளிக்க என்ன இருக்கு?" என்றார். இரு மொழிகள், இரு தலைமுறைகள், ஒரே கேள்வி. நேர்மையானவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை, மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அச்சமில்லை என்னும் இக்கருத்து நம் நாட்டில் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் உயர்நீதிமன்ற வளாகத்திலும் ஒன்றுபோல் புழங்குகிறது. இது பிழையான கருத்து. பிழை மட்டுமா, எளியவருக்கு எதிரானதும்கூட.

முதலில் அக்கேள்வியைப் பார்ப்போம். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அறியாமல் கேட்பது, ஐயத்தால் கேட்பது, அறிந்துகொண்டே கேட்பது, கொள்வதற்குக் கேட்பது, கொடுப்பதற்குக் கேட்பது, ஏவுவதற்குக் கேட்பது. "உனக்கென்ன மறைக்க இருக்கிறது?" என்பது ஆறாவது வகை. வடிவம் வினா, செயல் கட்டளை. "காட்டு" என்பதே அதன் பொருள். மேலும், 'என்ன' என்று வினவும்போதே ஏதோ ஒன்று இருக்கிறது என்னும் முடிவு வாக்கியத்துக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது. "ஒன்றுமில்லை" என்று விடை சொன்னால், அப்படியாயின் காட்டு என்பர். "சொல்ல மாட்டேன்" என்றால் குற்றம் உறுதியாயிற்று. எந்த விடை சொன்னாலும் கேட்டவரே வெல்லும் கேள்வி இது.

இதில் சொற்களின் பங்கும் உண்டு. வங்காளத்தில் இவ்வுரிமைக்கு வழங்கும் சொல் கோபனீயதா. இதன் வடமொழி வேர் குப். அதன் பழைய பொருள் காத்தல். ஆயனாகிய கோபன் காப்பவன், குப்தன் காக்கப்பட்டவன். காத்தல் என்பது நாளடைவில் மறைத்தல் ஆயிற்று. இன்று வங்காளி அச்சொல்லைக் கேட்கும்போது காப்பு நினைவுக்கு வருவதில்லை, இரகசியமே வருகிறது. தமிழில் தனியுரிமை என்று புதிதாகச் சொல் ஆக்கினோம். அது சட்ட நூலுக்கும் நாளிதழுக்கும் போதுமானதாக இருக்கிறது. அம்மாவிடம் பேசப் பயன்படவில்லை. ஆகவே அம்மாவும் 'ஒளித்தல்' என்ற சொல்லையே எடுத்தார்.

சொல் புதிது என்பதனால் பொருளும் புதிது, மேனாட்டு இறக்குமதி என்று வாதிடுவோர் உளர். அவர்களில் தமிழறிந்தவரைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கிறது. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் அகத்திணைக்கு வகுத்த விதி. காதல் இழிவானது என்பதற்காக அவ்விதி எழவில்லை. களவு என்ற சொல்லையே வெட்கமின்றி ஒழுக்கத்தின் பெயராக வைத்த மரபு அது. எவருடைய உள்ளம் என்பது ஊர் அறிய வேண்டியதன்று என்பதே அதன் துணிபு.

நெடுநல்வாடையில் அரசனுக்குப் பெயர் இல்லை. பிரிவால் வாடும் அரசிக்கும் பெயர் இல்லை. எனினும் பாசறையில் அரசனுடன் வரும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் ஆள் இன்னார் எனத் தெரிந்துவிடுவதனால் இப்பாட்டு அகம் ஆகாது, புறமே என்பது நச்சினார்க்கினியர் உரை. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று அவர் கருதவில்லை என்பதைக் கவனியுங்கள். 1997இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லட்டான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி இதனையே மெய்ப்பித்தார். பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அஞ்சல் குறியீடு, பிறந்த நாள், பால் ஆகிய மூன்றைக் கொண்டே அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பைக் கண்டெடுத்தார். "பெயரில்லாத தரவுதானே, தந்தால் என்ன?" என்று கேட்பவருக்கு வேப்பம்பூவை நினைவூட்டுகிறேன்.

பழம்பெருமை பேசுவது என் நோக்கமன்று. அகம் பாட்டில் இருந்தது. வாழ்க்கையில் தாழிடக் கதவுள்ள அறை எத்தனை பெண்களுக்கு இருந்தது, எந்தச் சாதியாருக்கு இருந்தது என்பது வேறு கதை. இக்கருத்து நமக்கு அயலானதன்று என்பதற்கு மட்டுமே இத்தனையும் சொன்னேன்.

இனி நான் வாழும் இந்த வங்காளத்துக்கு வருகிறேன். விரல்ரேகையைக் கொண்டு மக்களை அடையாளம் காணும் வழக்கம் இம்மண்ணில்தான் அரசு நடைமுறை ஆயிற்று. 1858இல் இன்றைய முர்ஷிதாபாத் மாவட்டத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைச் சரளை வழங்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையில் மை தடவி ஒப்பந்தத்தாளின் பின்புறம் பதித்துக்கொண்டார். கோனாய் எதையும் மறைக்கவில்லை. ஒப்பந்தமும் அவர் கையால் எழுதப்பட்டதே. பின்னாளில் தன் கையொப்பத்தை மறுக்கும் எண்ணமே அவருக்கு எழாதபடி அச்சுறுத்தவே அவ்வாறு செய்ததாக ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதிவைத்தார். கேட்பவனின் ஐயமே போதுமானது. கொடுப்பவனின் நேர்மை அங்கே கணக்கில் இல்லை.

1897இல் கொல்கத்தாவில் விரல்ரேகைப் பதிவகம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அலுவலர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. உலகம் அம்முறையை அறிந்ததோ அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயரால். எல்லாருடைய ரேகையையும் கேட்ட அரசு, ரேகைக்கு ஒழுங்கு கண்டவர் பெயரைத் தவறவிட்டது. (இதனைத் தற்செயல் என்று கருதுவோர் கருதட்டும்.)

அடுத்தது என் தலைமுறைக்கு நினைவிருக்கும் நிகழ்ச்சி. 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். மம்தா பானர்ஜியையும் ரயில்வே அமைச்சர் மாற்றத்தையும் கிண்டல் செய்த ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் பிறருக்கு அனுப்பியதே குற்றம். சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' திரைப்படத்தை ஒட்டி அமைந்த நகைச்சுவை அது. அவருடன் அதே குடியிருப்பைச் சேர்ந்த முதியவர் சுப்ரத சென்குப்தாவும் கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் அவர்கள்மேல் பாய்ந்தது. அப்பிரிவு செல்லாது என்று 2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் தீர்ப்பளித்தது. இறந்த சட்டத்தின் வழக்கோ இறக்கவில்லை. பேராசிரியர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். சென்குப்தா அந்நாளைக் காண உயிரோடு இல்லை.

மகாபாத்ரா எதனை மறைத்தார்? ஒன்றையும் மறைக்கவில்லை. தம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து சிரிக்க விரும்பியதை வெளிப்படையாக அனுப்பினார். 'மறைக்க ஒன்றுமில்லாத' மனிதருக்கு ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் நீதிமன்றப் படிக்கட்டு. எது குற்றம் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, உங்கள் மின்னஞ்சலைக் கையில் வைத்திருப்பவர் முடிவு செய்கிறார். இன்று குற்றமற்றது நாளை ஒரு மேசையில் ஒருவருடைய மனநிலையைப் பொறுத்துக் குற்றமாகலாம். தாதா அப்போது இதே நகரத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார். நான் நினைவூட்டினேன். "அது அரசியல்" என்றார். சிரிப்பு அரசியலாகும் இடத்தில் அரசியலற்றது எது என்று நான் கேட்டேன். தேநீர் வந்துவிட்டது.

அரசைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டா. இக்கேள்வியை நம்மில் பெரும்பாலோர் முதன்முதலாகக் கேட்டது வீட்டில். "ஒன்றும் இல்லையென்றால் ஃபோனைக் கொடு" என்று அண்ணன் தங்கையிடம் சொல்கிறான், கணவன் மனைவியிடம் சொல்கிறான், திருமணப் பேச்சு தொடங்கியதும் இன்னும் கணவனாகாதவனும் சொல்கிறான். தங்கை அண்ணனிடம் அவ்வாறு கேட்டு நான் கண்டதில்லை. விடுதியில் என்னுடன் இருந்த தோழி ஒருத்தி ஊருக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் பாதி உரையாடல்களை அழிப்பாள். அவற்றில் காதல் இல்லை. மாதவிடாய் வலி, வழிகாட்டிப் பேராசிரியர் மீதான எரிச்சல், நாத்திகம் பற்றிய ஓர் ஐயம். ஒரு மனிதப் பிறவி முழுமையாகச் சிந்திப்பதற்கு வேண்டிய அளவு இருட்டு அது. தனியுரிமை என்ற கலைச்சொல்லை அவள் பயன்படுத்தியதில்லை. அதன் பொருளை எங்கள் துறையில் எவரையும்விட நன்கறிவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்னும் என் உறவினர்களே, "என் படங்களைப் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு அனுமதி இல்லை, இதனைப் பகிர்ந்தால் சட்டப்படி செல்லும்" என்ற அறிவிப்பை ஆண்டுதோறும் தவறாமல் பகிர்கிறார்கள். சொல்லே செயலாக வேண்டுமானால் சொல்பவருக்கு அதற்குரிய அதிகாரம் வேண்டும் என்று ஆஸ்டின் சொன்னதை வகுப்பில் விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. எள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அறிவிப்பைப் பகிரும் கைக்குத் தெரிந்திருக்கிறது, தன்னுடையது ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று. வாய்தான் 'ஒன்றுமில்லை' என்கிறது.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாவா என்பர். பிடிக்கட்டும். 2017 ஆகஸ்டு 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து இவ்வுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது அரசின் கண்ணைக் கட்டிவிடவில்லை. சட்டம் இருக்க வேண்டும், முறையான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்நோக்கத்தின் அளவுக்கு மிஞ்சாதிருக்க வேண்டும் என்றனர். அதாவது, விளக்கம் தர வேண்டியவர் கேட்பவரே. அத்தீர்ப்புக்கு ஈராண்டுகளுக்கு முன், இத்தகைய அடிப்படை உரிமை அரசமைப்பில் இல்லை என்று நடுவண் அரசின் தலைமை வழக்குரைஞர் அதே நீதிமன்றத்தில் வாதிட்டிருந்தார் என்பதையும் மறக்க வேண்டா.

இல்லை என்று வாதிடப்பட்ட அவ்வுரிமை பின்னர் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நடுவண் அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களால் முழு விலக்களிக்க வழி செய்கிறது. அதே சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்துகிறது. முன்னர், பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலையே மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க இயலாத தகவலைக் குடிமகனுக்கும் மறுத்தல் ஆகாது என்ற காப்பும் இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்ற சொல்லே மறுப்பதற்குப் போதும். பொதுநலன் கருதி வெளியிடலாம் என்னும் 8(2) பிரிவு எஞ்சியிருக்கிறது, உண்மை. ஆயின் பொதுநலனை நிறுவும் சுமை இனி கேட்பவர் தலையில். 2025 நவம்பரில் இத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, ஒப்பந்தக்காரருக்கு வழங்கிய தொகையை ஓர் ஊராட்சியில் கேளுங்கள், ஓர் அலுவலரின் சான்றிதழைக் கேளுங்கள், உதவித்தொகைப் பட்டியலைக் கேளுங்கள். "தனிப்பட்ட தகவல்" என்று விடை வரலாம். அந்த மேசையின் முன் நின்று, எங்கள் தாதாவின் கேள்வியை, அதே புன்னகையோடு, ஒருமுறை கேட்டுப் பார்க்க எனக்கு ஆசை. லுகோபார் கீ ஆச்சே?